ஆவுடைக்குக் காலில் ஒன்றுமில்லை

வேணிக்குக் கர்ப்பப்பை கிடையாது என்று கம்ப்யூட்டர் சொன்னபோது காந்திமதிநாதனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வருவது அவருக்குப் பிறவிக் கோளாறு. அப்பா காரியத்தன்று மொட்டை போட்ட தன் தலையைச் செம்புத் தண்ணீரில் பார்த்துச் சிரித்து, எல்லார் முன்னாலும் சித்தப்பாவிடம் அறை வாங்கியவர்.

“அங்கிள், இவங்களுக்குத்தான் ஏற்கெனவே எடுத்தாச்சே” என்றாள் காப்பீட்டுக் கவுண்டரில் இருந்த பெண். கழுத்தில் தொங்கிய அட்டையில் ஸ்வீட்லின் என்று போட்டிருந்தது.

“எதைம்மா?”

“கர்ப்பப்பையை. நம்ம ஆஸ்பத்திரியிலதான். பழைய பைல் பூராவும் ஸ்கேன்ல ஏறிட்டு. இங்க பாருங்க, ஆபரேஷன். அதுக்கு அப்புறம் ஒரு தடவை இடது கால்ல ரத்தக்கட்டுன்னு படுத்திருக்காங்க. அப்புறம் கண்ணுக்கு ஒரு தடவை.”

வேணி பக்கத்தில்தான் நின்றாள். குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டாள், பஸ்ஸில் வரும்போது எவனாவது அடித்துக்கொண்டு போய்விட்டானா என்பது போல.

“எம்மா, டாக்டரம்மா படம் எடுத்துப் பாத்து, சதையைக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பி, புத்துன்னு சொல்லிட்டாவ. ஆரம்பந்தான், சீக்கிரம் எடுத்துட்டாப் பயமில்லன்னாவ. இல்லாத எடத்துல எப்பிடிம்மா புத்து வரும்?”

“அது டாக்டர் சிஸ்டம் அங்கிள். இது காப்பீட்டு சிஸ்டம். ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் எடுக்க முடியும்னு இதுக்குத் தெரியும். நான் அனுப்பின உடனே திருப்பி அனுப்பிருது.”

“அம்புட்டுப் புத்திசாலியா இருக்கே!” என்றார் காந்திமதிநாதன். அந்தப் பெண் பாவம், சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் மேஜையைப் பார்த்தாள்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. சொன்னது இவர்கள்தான்.

காந்திமதிநாதனின் தங்கை ஆவுடைத்தாயைக் குலசேகரன்பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளை செந்தில்முருகன் கொஞ்ச காலம் குடும்பம் நடத்திவிட்டு, ஒருநாள் திருப்பூருக்கு வேலைக்கென்று போனவன் போனவன்தான். ஆவுடை ஒரு பையோடு ஏரலில் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். ரேஷன் கார்டு மாமியார் பீரோவுக்குள். வந்த இடத்தில் அவளுக்கு வயிற்றில் கட்டி, நிற்காத உதிரப்போக்கு. காப்பீட்டு அட்டை கேட்டார்கள். இருந்த ஒரே அட்டை வேணியுடையது. வேணிதான் யோசனை சொன்னாள்.

“வேணின்னு சொல்லிப் படுத்துக்கோ ஆவுடை. வயித்துக்குள்ள கெடக்க கட்டி பேரைக் கேட்டுக்கிட்டா வெளிய வரும்?”

வேணி அவருக்குத் தாய்மாமன் மகள். அவளுக்கும் ஆவுடைக்கும் ஒரே ஆச்சியின் மூக்கு. அட்டையில் இருந்த போட்டோவில் மூக்கைத் தவிர வேறொன்றும் விளங்கவும் செய்யாது. இதே துரைசானி ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் ஆவுடை வேணியாகவே கிடந்தாள். “வேணியம்மா, ஊசி” என்றால் கையை நீட்டுவாள். நிஜ வேணி தூக்குச்சட்டியில் ரசஞ்சோறு கொண்டுவந்து, நாத்தனார் என்று சொல்லிக் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பாள். இடிபட்டது காந்திமதிநாதன்தான். புருஷன் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார். போட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடிக் குழாயில் போய் வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்தார்.

இதைக் குற்றம் என்று அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. அடுத்த வீட்டில் உழக்கு உளுந்து வாங்குவது போல ஒரு பெயரை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். உளுந்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெயரைத் திருப்பிக் கொடுக்க ஒரு முறை இருந்திருக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வேணியைப் பஸ் நிறுத்தத்தில் உட்காரவைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் பைல் ரூமுக்குப் போனார். அங்கே எபனேசர் இருந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிரம்புச்சேர் கிழிந்த இடத்தில் ஆஸ்பத்திரித் தலையணையை அமுக்கி உட்கார்ந்து, பழைய பைல்களிலிருந்து குண்டூசியையும் பின்னையும் பிடுங்கிக்கொண்டிருந்தான். பிடுங்கினதெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் துருவோடு கிடந்தது. எதிரே ரெண்டு பெண்பிள்ளைகள் தாளை ஒவ்வொன்றாக மெஷினுக்குள் விட்டார்கள். அது விழுங்கிவிட்டு மறுபக்கம் துப்பியது. துப்பினதைச் சாக்கில் கட்டிச் சுவரோரம் அடுக்கியிருந்தது, லாரிக்கு.

“வாரும் பிள்ளைவாள். ஒம்ம விஷயம் எனக்கு வந்துட்டு” என்றான் எபனேசர்.

“தாளாக் கெடந்தவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லியேவே?”

“தாளுல அது ஒரு சௌகரியம். தன்பாட்டுக்குக் கெடக்கும். கேட்டாத்தான் சொல்லும். எலி தின்னுட்டா அதுவும் சொல்லாது. இது அப்பிடியில்லவே. கேக்காமலே எல்லாருக்கும் சொல்லுது. இங்கன ஏத்தினா அங்கன சென்னையில தெரியுது.”

“நாங்க மட்டுந்தானா இப்பிடி?”

“ஒம்மள மட்டுமா? இந்த ரூமுக்குள்ள கெடந்த பொய்யெல்லாம் இம்புட்டு நாளாச் சமத்தா ஒறங்கிட்டுக் கெடந்துது. நாங்க இப்பத் தூசி தட்டி ஒவ்வொண்ணா எழுப்பி விடுதோம். பக்கத்து ஊருல ஒரு ஆம்பளைக்கு சிசேரியன் ஆயிருக்கு, தெரியுமா? பொண்டாட்டிக்கு அட்டை இல்லன்னு தன் அட்டையை நீட்டியிருக்கான். எழுதினவன் அன்னைக்குக் கண்ணாடி கொண்டாரல்ல போல. இப்ப அவன் குடலெறக்கத்துக்கு வந்தா, சிஸ்டம் பச்சைப்பிள்ளை எப்பிடி இருக்குன்னு கேக்குது.”

ரெண்டு பேரும் சிரித்தார்கள். காந்திமதிநாதன் பிரம்புச்சேருக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தார்.

“மாத்திக் குடுவே.”

“என் கையில இல்ல பிள்ளைவாள். அன்னைக்கு ஆபரேஷன் நடந்தது வேற ஆளுக்குன்னு ஆஸ்பத்திரி எழுதிக் குடுக்கணும். எழுதினா, அப்பம் வேணி பேருல ஏன் காப்பீடு வாங்கினன்னு ஆஸ்பத்திரியப் பிடிப்பான். கவுண்டர்லருந்து வந்த ஒம்ம பைலை ஆஸ்பத்திரிப் பெரியவர் மேஜையில கொண்டு வச்சேன். தேள் கெடந்தா எப்பிடிப் பாப்பம், அப்பிடிப் பாத்தாவ. தொடல்ல.”

“தப்பு எங்க மேலதான்னு நான் எழுதிக் குடுக்கேன். பிடிச்சு உள்ள போடட்டும்.”

“குடும். விசாரணை வைப்பான். அது முடியுத வரைக்கும் அட்டையை முடக்கி வைப்பான். அதுக்குள்ள வேணிக்கு…” எபனேசர் நிறுத்திவிட்டு ஒரு பின்னை மும்முரமாகப் பிடுங்கினான். தாள் கிழிந்தது.

சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் கேட்டுப் பார்த்தார். ஆபரேஷனுக்கு ஆள் வரிசையாகக் காத்திருந்தார்கள். அங்கேயும் அதே அட்டை, அதே எண். எண்ணைத் தட்டினால் அதே பதில்.

ஏரலில் ஆடிக்காற்று அந்த வருஷம் சொன்னபடி கேட்கவில்லை. காந்திமதிநாதனின் தாத்தா காலத்தில் ஆற்றங்கரை வரை வயல் இருந்தது. இப்போது இருப்பது குத்தகைக்கு எடுத்த வாழை. அதிலும் காய் விளைச்சலை நம்பாமல் இலையை நம்பிய பிழைப்பு. விடியுமுன் அவர் தொரட்டிக் கத்தியால் இலை அறுத்துப் போட, வேணியும் ஆவுடையும் கிழிசல் பார்த்துப் பிரித்து, தலைவாழை தனி, ஏடு தனி என்று மடக்கி, வாழைநாரால் கட்டுவார்கள். கட்டு முதல் பஸ்ஸின் மேலேறித் திருநெல்வேலி மண்டபங்களுக்குப் போகும். காற்று அடிக்கிற மாதத்தில் இலை மரத்திலேயே கிழிந்து தோரணமாகத் தொங்கும். கல்யாணமும் கிடையாது. அப்படி ஒரு மாதத்தில்தான், சொந்தக் காசில் வைத்தியம் பார்க்கலாமே என்று யாரும் சொல்லிவிட முடியாத அந்த மாதத்தில்தான், இது வந்து நின்றது.

ஆவுடை உளுந்தங்களி கிண்டியிருந்தாள். கருப்பட்டியும் நல்லெண்ணெயுமாக மினுங்கியது. இடுப்புக்கு பலம் என்று பொம்பளைகளுக்குக் கொடுப்பது. வேணி ஒரு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள்.

“இடுப்பே இல்லைங்கான். இது எங்க போயி பலம் சேக்கும்?” என்றாள்.

“சாப்பிடு மதினி. எல்லாம் என்னாலதான்.” ஆவுடை களிச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“ஏட்டி, ஆரம்பிக்காத. அன்னைக்கு விட்டிருந்தா நீ ரத்தம் செத்தே போயிருப்பே.”

காந்திமதிநாதனுக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. தாங்காத மௌனத்தில் எதையாவது எறிந்து பார்ப்பது அவர் வழக்கம். எறிந்தார்.

“ஒண்ணு செய்வோம். வேணி கணக்குல கர்ப்பப்பை இல்ல. ஆவுடை கணக்குல அது சேதாரமில்லாம அப்படியே இருக்கு. புருஷன் செத்த பொறவு ஆவுடைக்குத் தனி அட்டையும் வந்துட்டு. ஆவுடை பேருல வேணியப் படுக்கப் போட்டுட்டா ரெண்டு கணக்கும் நேராயிரும்.”

யாரும் சிரிக்கவில்லை. வெளியே காற்று வாழைகளை உலுப்பும் சத்தம் கேட்டது. வேணி களி உருண்டையை வாயில் போட்டு மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்தாள்.

“அதுல என்ன தப்பு?” என்றாள்.

“ஏளா, நான் கேலிக்குச் சொன்னேன்.”

“நீங்க கேலியில்லாம என்னைக்கு எதைச் சொல்லியிருக்கீய அத்தான்? பொண்ணு பாக்க வந்தப்பவே இந்த மூக்கு ஏற்கெனவே எங்க வீட்டுல ஒண்ணு இருக்கே, இன்னொண்ணு எதுக்குன்னுதான கேட்டீய?”

அப்படித்தான் அது முடிவாயிற்று. துரைசானி ஆஸ்பத்திரியில் வேணியின் முகம் தெரியும். அதனால் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கண்ணாடியும் ஏசியுமாகப் புதிதாகக் கட்டியிருந்த ஓர் ஆஸ்பத்திரி. வேணி பெயரில் எடுத்த படமும் டெஸ்டும் செல்லாதாகையால் எல்லாவற்றையும் ஆவுடை பெயரில் முதலிலிருந்து எடுக்கவேண்டும். அதில் ஆவணி போயிற்று.

ஒத்திகை அடுக்களையில் நடந்தது. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இது தெரியாத வித்தையில்லை. குலசை தசராவுக்கு வேஷம் கட்டுகிற ஊர். காப்பு கட்டிக்கொண்டு ஒருவன் காளி வேஷம் போட்டுவிட்டால், பெற்ற தாயும் அவனை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவாள். கடலில் குளித்துக் காப்பை அறுக்கிறவரை அவனுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. காந்திமதிநாதன் வாலிபத்தில் போலீஸ் வேஷம் போட்டு, நிஜக் கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் எழுந்து இடம் கொடுத்த கதையை இன்றுவரை சொல்லுவார்.

“பிறந்த ஊரு?”

“ஏரல்.”

“புருஷன் பேரு?”

வேணி நெளிந்தாள். “அந்தப் பயபிள்ள பேரை நான் சொல்லணுமா? செந்தில்முருகன்.”

“என்ன செய்யுதாரு?”

“செத்துப் போயிட்டாரு. திருப்பூர்லருந்து ஆளனுப்பினாவ. பிள்ளைகுட்டி கெடையாது. தேள் கடிச்சு ஒரு தடவை, மஞ்சக்காமாலை ஒரு தடவை. வேற ஒரு சீக்கும் இல்ல.”

“மதினி என்னையவிட நல்லாச் சொல்லுதா” என்றாள் ஆவுடை.

“வேஷம் போட்டா முழுசாப் போடணும். அரைகுறையாப் போட்டா அம்மனுக்கு ஆவாதுல்லா.”

முழுசாகத்தான் போட்டாள். ஆவுடை அட்டையில் ‘விதவை’ என்று இருந்தது. கிளம்புகிற அன்று காலை வேணி பூஜை அலமாரி முன்னால் நின்று, தாலிக்கொடியைக் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து, பொட்டை அலமாரி ஓரத்தில் ஒட்டிவைத்துவிட்டுத் திரும்பினாள். காந்திமதிநாதன் அப்போது காப்பி குடித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து காப்பி குடித்தபடி தன் பெண்டாட்டி விதவையாவதைப் பார்த்த ஆம்பளை இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. காப்பிதான் புரைக்கேறியது. வேணி வந்து தலையில் தட்டி, முடிச்சை அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

“பத்திரம். திரும்பக் கேப்பேன்.”

கவுண்டரில் விரலை வைக்கச் சொன்னார்கள். ரேகை விழவில்லை. காலமெல்லாம் வாழைக்கறையில் ஊறின விரல். நான்கு விரல் மாற்றிப் பார்த்துவிட்டு, “போனுக்கு நம்பர் வரும், சொல்லுங்க” என்றான் அங்கிருந்த பையன். போன் காந்திமதிநாதனுடையது. சொன்னார். ஒரு பட்டையை வேணியின் மணிக்கட்டில் சுற்றி அமுக்கினார்கள். பிளாஸ்டிக். கறுப்புக் கோடுகளுக்குக் கீழே ஆவுடைத்தாய் என்று பெயர். “தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது, வீட்டுக்குப் போகும்போது நாங்களே வெட்டி விட்டுருவோம்” என்றான்.

“காப்பு கட்டியாச்சு” என்றாள் வேணி அவர் காதில்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் ஷிபின் வந்தார். சின்ன வயசு, தன்மையான பேச்சு. கையில் பலகை மாதிரி ஒன்று. அதைப் பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்டார். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, ஆஸ்துமா? எல்லாவற்றுக்கும் வேணி மளமளவென்று பதில் சொன்னாள். தேள் கடித்ததைக் கூட விடவில்லை. காந்திமதிநாதனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. பிள்ளை பள்ளிக்கூடத்து மேடையில் தட்டாமல் பேசினால் வருமே, அந்தப் பெருமை.

“கால் வீங்கி, ரத்தக்கட்டு, அந்த மாதிரி எப்பவாவது இருந்திருக்காம்மா?”

“இல்ல சார்.”

காந்திமதிநாதன் நிமிர்ந்தார். டாக்டருக்குப் போன் வந்தது. அவர் வாசல் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் கட்டிலில் குனிந்தார்.

“ஏளா, ஒனக்குக் கால்ல இருந்துதுல்லா? அம்புட்டு நாள் மாத்திரை தின்னியே?”

“பேசாம இரிங்க.”

“சொல்லிருவோம்ளா. கேக்காவள்லா.”

வேணி போர்வைக்கு அடியில் அவர் தொடையைக் கிள்ளினாள். “அது எனக்குல்லா? ஆவுடைக்குக் கால்ல ஒண்ணும் இல்ல அத்தான்.”

அது நியாயமாகத்தான் பட்டது. இதைத்தான் பிற்பாடு அவரால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு நிமிஷம், போனில் அந்த டாக்டர் பேசி முடிக்கிற ஒரு நிமிஷம், அது உலகத்திலேயே ரொம்ப நியாயமான பேச்சாகப் பட்டது. பலகையில் இல்லாததைச் சொன்னால் எங்கே பார்த்தீர்கள் என்பார்கள். துரைசானி ஆஸ்பத்திரியில் என்றால் அங்கே தட்டிப் பார்ப்பார்கள். தட்டினால் எல்லாம் வெளியே வரும். டாக்டர் திரும்பி வந்து, “வேற ஏதாவது?” என்றார்.

“ஒண்ணுமில்ல சார்” என்றார் ஆவுடைத்தாயின் அண்ணன்.

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. கட்டி பரவவில்லை, முழுசாக எடுத்தாயிற்று என்றார் டாக்டர். எபனேசர் ஒரு தூக்குவாளியில் சொதியும் சோறும் கொண்டுவந்தான். ஆவுடையும் சேர்ந்து மூன்று பேரும் படிக்கட்டு ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு காந்திமதிநாதனுக்குச் சோற்றில் உப்பு தெரிந்தது.

“கணக்கு நேராயிட்டுவே” என்றார். “இனி ரெண்டு பேருக்கும் இல்ல.”

“ஒமக்கு வாயில வசம்பு வச்சுத் தேய்க்கணும்” என்றான் எபனேசர். ஆவுடை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் மத்தியானம் ரீபா என்ற நர்ஸ் கூப்பிட்டாள். “ஆவுடைத்தாய் அட்டெண்டர்!” ஆவுடைதான் முதலில் எழுந்தாள். காந்திமதிநாதன் அவள் தோளை அமுக்கி உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார்.

வேணி கண்ணை மூடிக் கிடந்தாள். முகம் வெளிறி, நெற்றியில் வேர்வை. மூச்சு கொஞ்சம் மேலே வாங்கியது.

“ஆவுடைத்தாயம்மா! ஆவுடைத்தாயம்மா!” நர்ஸ் கன்னத்தில் தட்டினாள். “கூப்பிட்டா ஏன்னு கேக்க மாட்டேங்காங்க. மயக்கம் தெளிஞ்சு ஒரு நாள் ஆச்சு. காலையிலருந்து இப்படித்தான்.”

“வலி மருந்துல அசந்திருப்பாம்மா.”

“இருங்க. அம்மா, கண்ணைத் திறங்க. உங்க பேரு என்ன?”

வேணி கண்ணைத் திறந்தாள். எங்கேயோ ஆழத்திலிருந்து ஏறி வருகிற மாதிரி. உதடு ஒட்டியிருந்தது.

“வேணி” என்றாள்.

நர்ஸ் பலகையைப் பார்த்தாள், மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தாள். “பேரே மாறிச் சொல்லுதாங்க. குழப்பமா இருக்காங்க. தலைக்கு ஸ்கேன் எடுக்கணுமான்னு டாக்டரைக் கேக்கணும்.” பலகையில் எதையோ தட்டினாள். “வேணிங்கது யாரு?”

 அந்தக் கட்டிலைச் சுற்றி இருந்தவர்களில் சரியாகப் பேசிய ஒரே ஆள் வேணிதான். “மதினி. வெளிய இருக்கா” என்றார்.

பிறகு குனிந்தார். எல்லாம் தெரிந்த அந்தக் கண்ணைப் பார்த்து, பைய, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, “ஆவுடைன்னு சொல்லும்மா” என்றார்.

வேணி அவரை வெகுநேரம் பார்த்தாள். அவள் கண் அவர் சட்டைப்பைக்குப் போய்த் திரும்பியது. மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

“ஆவுடை” என்றாள்.

“ஆங், இப்ப சரியாச் சொல்லிட்டாங்க” என்றாள் ரீபா. தட்டினதை அழித்தாள்.

அதற்குப் பிறகு வேணி பேசவில்லை. சாயங்காலம் மூச்சு இழுத்துக்கொண்டது. ஆள்கள் ஓடினார்கள், திரையை இழுத்தார்கள். காந்திமதிநாதன் டாக்டர் ஷிபினின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், அவளுக்குக் கால்ல ரத்தக்கட்டு இருந்துது சார். எடது கால்ல.”

“இல்லியே, அப்படி ஒண்ணும் இல்லியே? நீங்களே இல்லன்னீங்களே?”

“அது ஆவுடைக்கு சார். இவ வேணி. எம் பொண்டாட்டி. நான் அண்ணன் இல்ல சார், புருஷன்.”

டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். அதிர்ச்சியில் மனுஷர்கள் என்னென்னவோ பேசுவதை அவரும் பார்த்திருப்பார். ஆனாலும் என்ன, நல்ல பிள்ளை. உடனே உள்ளே ஓடி ஏதோ ஊசி போடச் சொல்லிக் கத்தினது வெளியே கேட்டது. காலிலிருந்து ஒரு ரத்தக்கட்டி புறப்பட்டு நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்று அப்புறம் சொன்னார். முன்னமே தெரிந்திருந்தால் வேறு மாதிரிப் பார்த்திருப்போம் என்றார். காந்திமதிநாதன் தலையை ஆட்டினார். கடையில் சாமான் இல்லை என்று சொன்னால் ஆட்டுவோமே, அப்படி.

உடலை வாங்க ஒரு கவுண்டர். எல்லாவற்றுக்கும் ஒரு கவுண்டர்.

“இறந்தவங்க பேரு?”

எபனேசர் அவர் முதுகில் கைவைத்தான். “உண்மையச் சொல்லுதேம்னா சொல்லும் பிள்ளைவாள். ஆனா போலீசு, போஸ்ட்மார்ட்டம்னு ஆயிரும். அவளை அறுத்துப் போடுவாங்க. நாளைக்கு ராத்திரிக்குக் கூடக் கெடைக்க மாட்டா.”

“ஆவுடைத்தாய்” என்றார்.

“உங்களுக்கு என்ன வேணும்?”

“தங்கச்சி.”

“கூட ஒரு கையெழுத்து வேணும். நீங்கம்மா?”

ஆவுடை முன்னால் வந்தாள். தான் செத்துப்போனதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். “வேணி. மதினி” என்றாள். ரொம்ப வருஷத்துக்கு முந்திப் பழகின வாய், தடுக்கவேயில்லை.

விடிகிற நேரத்தில் வண்டி ஏரல் பாலத்தில் ஏறியது. காற்று அடங்கியிருந்தது. ஆற்றில் தண்ணீர் கலங்கல். புரட்டாசி பிறந்து தெருவெல்லாம் தசராக் குழு கிளம்பியிருந்தது. இவர்கள் தெருமுனையில் மேளத்தோடு வந்த ஒரு காளி, வண்டியைப் பார்த்ததும் மேளக்காரனின் கையைப் பிடித்து நிறுத்தி, தகரக் கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றது.

குளிப்பாட்டப் பொம்பளைகள் கூடினார்கள். மஞ்சள் அரைத்தார்கள். ஒருத்தி வேணியின் கையைத் தூக்கி, “இது என்னளா, கழறவே மாட்டேங்கு?” என்றாள். ஆஸ்பத்திரிப் பட்டை. வீட்டுக்குப் போகும்போது நாங்களே வெட்டி விடுவோம் என்று சொன்னவர்கள் மறந்துவிட்டார்கள். இழுத்துப் பார்த்தார்கள், கடித்துப் பார்த்தார்கள். ஆவுடை எழுந்து போய், சுவரில் செருகியிருந்த இலை அறுக்கிற கத்தியை எடுத்துவந்தாள். தோலில் படாமல் முனையை உள்ளே விட்டு, தன் பெயரைத் தானே அறுத்தாள். அறுத்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

எபனேசர் வாசலில் நின்றபடி காந்திமதிநாதனிடம் மெதுவாகச் சொன்னான். “இனி ஆவுடைக்கு அட்டை கெடையாது. விதவைப் பென்ஷனும் நிக்கும். ஒரு தலைவலின்னாலும் வேணின்னு சொல்லித்தான் போகணும். சாகுத வரைக்கும்.”

இதற்கு ஒரு கேலி இருந்திருக்கவேண்டும். காந்திமதிநாதன் தேடிப் பார்த்தார். இருக்கிற இடத்தில் இல்லை.

“நெத்தியும் கழுத்தும் வெறுசாக் கெடக்கே, சுமங்கலியை இப்பிடியா அனுப்புவாவ?” என்று உள்ளே ஒரு கிழவி கேட்டாள். ஆவுடை வாசலுக்கு வந்தாள். பட்டை இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

“அண்ணே. மதினி திரும்பக் கேப்பேன்னு சொன்னால்லா.”

அவர் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்தார். கொண்டுபோய் உட்கார்ந்து, நனைந்த முடியை ஒதுக்கி, கொடியைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார். கொக்கி வழுக்கிக்கொண்டே இருந்தது. ஆவுடை விளக்கை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள். நாத்தனார் விளக்குப் பிடிக்கிற வழக்கம் கல்யாணத்தில் உண்டு. அன்றைக்கும் இவள்தான் பிடித்தாள்.

கொக்கி விழுந்ததும் கூடியிருந்த பொம்பளைகள் ஒரே குரலாகப் பெயரைச் சொல்லி அழத் தொடங்கினார்கள். ஏ வேணி, எம் வேணி என்று அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. பெயர் சரியாக இருந்தது.